ஓடும் வண்டியின் புகையை ஓடும் சாலையிலேயே அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் ஓடும் வண்டிகள் விடும் புகையை, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலையோரத்தில் கருவி வைத்து அளக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பாடிப் பக்கம் டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கும் பட்டறைக்காரன் நான். லோடு வண்டி, வேன், டூரிஸ்ட் கார் என்று வேலைக்கு வருகிற வண்டியின் சைலன்ஸரைப் பார்த்தே பாதி கோளாறைச் சொல்லிவிடும் தொழில் இது. அந்தப் பழக்கத்தையும், மற்ற ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

இப்போது நம் கையில் இருப்பது பொல்யூஷன் சர்டிபிகேட் ஒன்றுதான். பெட்ரோல் வண்டி என்றால் நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, சைலன்ஸருக்குள் குழாயைச் செருகி கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசல் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ரேஸ் பண்ணுகிறார்கள். வெளியே வரும் புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி காட்டுகிறது. இரண்டிலும் நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை அளப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களையும் எண்ணுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடு என்பது சிலிண்டருக்குள் சூடு ஏறும்போது பிறப்பது. லோடு ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும் வண்டியில் அது கொட்டும். சும்மா நிற்கிற வண்டியில் தேடினால் கிடைக்காது. ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் அரும்பாக்கத்திலும் இருக்கும் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்கள் காற்றில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்கின்றன. எந்த வண்டி கலந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது.

இதில் நான் அன்றாடம் பார்க்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் இஜிஆர் என்று ஒரு வால்வு உண்டு. வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாகாமல் தடுப்பது அதன் வேலை. நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் அந்த வால்வு கரி பிடித்து இறுகிவிடும். பிக்கப் குறையும், எஞ்சின் லைட் எரியும். புது வால்வு விலை அதிகம். அதனால் ஒரு தகரத் துண்டை கேஸ்கெட் அளவுக்கு வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை போட்டு, வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே வைத்து இறுக்கிவிடுவார்கள். அரை மணி நேர வேலை. “அடைச்சுக் குடுத்துருங்கண்ணே” என்று கேட்டு என்னிடம் வராத வாரம் கிடையாது. நான் செய்வதில்லை, செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படி அடைத்த வண்டி புகைப் பரிசோதனைக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? முன்னைவிட நன்றாகத் தேறும். திரும்பி வரும் புகை நின்றதால் எஞ்சினுக்குள் பிராணவாயு கூடுகிறது, கரி குறைகிறது, கருவியில் எண் இறங்குகிறது. நைட்ரஜன் ஆக்சைடோ பல மடங்கு ஏறிவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் அங்கே ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தவருக்கும் தகரம் வைத்து அடைத்தவருக்கும் நம் சோதனை ஒரே சான்றிதழைக் கொடுக்கிறது. சில நேரம் அடைத்தவருக்கே நல்ல மதிப்பெண் போடுகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு பிஎஸ்-6 என்ற புகை வரம்பு விதி வந்தது. பிஎஸ்-5ஐத் தாண்டி நேராக அங்கே போனோம். அது பெரிய முடிவு, நல்ல முடிவு. அதனால் டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற துகள் வடிகட்டி வந்தது. பெரிய வண்டிகளில் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலை ஊற்றி நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் ஏற்பாடும் வந்தது. இவையெல்லாம் சரியாக இருக்கும்வரை வண்டி உண்மையிலேயே சுத்தமாக ஓடுகிறது. ஆனால் டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அன்றைய டிரிப் போச்சு. சேர்ந்த கரியை எரிக்க வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் நல்ல சூட்டில் ஓட வேண்டும். பாரிமுனைக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவே அதற்கு எங்கே வாய்ப்பு? பொறுமை இழந்தவர்கள் கூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி எழுதிவிடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரியே தெரியும். எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாலும் கூடு கண்ணில் படும், வெறுமை படாது. ஆட்ப்ளூவுக்கும் இதே கதை: எமுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. ஆட்ப்ளூ ஊற்றாமலேயே ஊற்றுவதாக எஞ்சின் கம்ப்யூட்டரை நம்பவைக்கும்.

வடிகட்டி இல்லாத புது வண்டி நம் புகைமானியில் தேறிவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்த வரம்பு கண்ணில் படும் புகைக்காக வைத்தது. இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகள் 2022, 2023-ல் டீசல் வண்டிச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன.

சான்றிதழ் கொடுக்கும் முறையிலேயே இருக்கும் கோளாறை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. டெல்லி பற்றிய இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2025 ஏப்ரலில் அங்குள்ள சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பைத் தாண்டிய அளவு பதிவான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கும் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மையத்தில் வண்டி நிற்பதைச் செயலி வழியே வீடியோ எடுக்க வேண்டும் என்று நம் ஊரில் 2024-ல் கொண்டுவந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். வண்டி வராமலே சான்று போடுவதை அது தடுக்கும். வந்த வண்டியின் நைட்ரஜன் ஆக்சைடை அது காட்டாது.

சாலையோரக் கருவி செய்வது என்னவென்றால், சாலையின் ஒரு பக்கத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியையும் புற ஊதா ஒளியையும் குறுக்கே பாய்ச்சுகிறது. வண்டி கடந்ததும் அதன் பின்னால் மிதக்கும் புகையை அந்த ஒளி ஊடுருவுகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கான ஒளியை விழுங்கும். எது எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை வைத்து எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கூடவே வண்டியின் வேகத்தையும் முடுக்கத்தையும் அளக்கிறார்கள், கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் என்ற வேதியியல் பேராசிரியர் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை இது.

காற்றில் புகை கலைந்துவிடுமே, அளவு தப்பாதா என்று எனக்கும் முதலில் சந்தேகம் வந்தது. கருவி பார்ப்பது விகிதத்தை. எரிந்த எரிபொருளில் பெரும்பங்கு கரியமில வாயுவாக வெளிவருகிறது. அந்த வாயுவுக்கு எத்தனை பங்கு நைட்ரிக் ஆக்சைடு, எத்தனை பங்கு கார்பன் மோனாக்சைடு என்றுதான் கணக்கு. சாம்பாரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் மாறாது அல்லவா, அதுபோல.

ஸ்டெட்மனும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான வண்டிகளை அளந்தபோது முக்கியமான ஒன்று தெரியவந்தது. கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழ பாதியைச் சுமார் பத்து சதவீத வண்டிகளே விட்டுக்கொண்டிருந்தன. மீதித் தொண்ணூறு சதவீதம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துத்தான் நம் கொள்கையையே யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று எல்லா வண்டிக்காரரையும் ஆண்டுக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வரிசையில் நிறுத்துகிறோம். பெரும்பாலோருக்கு அது வெறும் சடங்கு. உண்மையில் பிடிக்க வேண்டிய பத்துப் பேர் அதே வரிசையில் நின்று, அதே காகிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சாலையோரக் கருவியில் சுத்தம் என்று பதிவான வண்டிக்கு மையத்துக்குப் போவதிலிருந்தே விலக்கு கொடுத்தார்கள். ஒழுங்காக வண்டி வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல மரியாதை வேறென்ன?

தயாரிப்பாளர்களின் வேலையையும் இந்தக் கருவி சோதித்துவிடுகிறது. சட்டம் இறுக இறுக டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். சாலையில் அளந்தால் பல ஆண்டுகளாகக் குறையவே இல்லை என்று பிரிட்டனில் 2011-லேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். சோதனைக்கூடத்தில் மட்டும் அடங்கி நடக்கும் ஃபோக்ஸ்வாகன் கார்களின் மோசடி உலகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு, 2015-ல்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. கொல்கத்தாவில் 2009-லேயே வேனில் வைத்த கருவியோடு தொடங்கினார்கள். டெல்லியில் இதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2018-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. டெல்லியிலும் குருகிராமிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சாலையில் அளந்து, ஐசிசிடி என்ற சர்வதேச ஆய்வு நிறுவனம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. பிஎஸ்-6 வந்த பிறகு நைட்ரஜன் ஆக்சைடு நன்றாகவே குறைந்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. பேருந்துகளிலும் சொந்தக் கார்களிலும் இறக்கம் பெரியது. அதே அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருந்தது. சிறிய சரக்கு வண்டிகளில் ஒரு வகை, சோதனைக்கூட வரம்பைப்போல் 14 மடங்கு வரை விட்டது. டாக்சிகளும் சொந்தக் கார்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மோசம். அதிலும் சிஎன்ஜி வண்டிகள்! பச்சை எரிபொருள் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பவை. தினமும் இருநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரும் ஒரே நாளில் ஷோரூமைவிட்டு வந்திருக்கலாம். புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்தமாக்கும் கேட் கன்வர்ட்டர் இரண்டிலும் ஒரே காலம் உழைக்காது. மெக்கானிக்கைக் கேட்டால் இதைச் சொல்லியிருப்போம். இப்போது எண்களோடு சொல்லியிருக்கிறார்கள்.

என் மனதுக்குப் பிடித்த முன்மாதிரி ஹாங்காங். அங்கே டாக்சிகளும் சிற்றுந்துகளும் பெரும்பாலும் எல்பிஜியில் ஓடுகின்றன, நம் சென்னை ஆட்டோக்களில் பல ஓடுவதுபோல. அவர்கள் எடுத்த எடுப்பில் அபராதத்தில் இறங்கவில்லை. முதலில் 2013, 2014-ல் அரசுப் பணத்தில் டாக்சிகளுக்கும் சிற்றுந்துகளுக்கும் ஓய்ந்துபோன கேட் கன்வர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிக்கொடுத்தார்கள். பிறகு 2014 செப்டம்பர் 1 முதல் சாலையோரக் கருவியை வைத்து அளக்கத் தொடங்கினார்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கருவிகள். ஒன்று தப்பாகக் காட்டினாலும் மற்றொன்று காப்பாற்றும். வரம்பு தாண்டினால் உரிமையாளருக்கு நோட்டீஸ் போகிறது. 12 வேலை நாளுக்குள் வண்டியைச் சரிபார்த்து, உருளைகள்மேல் ஓடவிட்டு லோடு கொடுத்து அளக்கும் மையத்தில் தேறிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டியின் உரிமம் போய்விடும். சரிசெய்ய உதவி, அதன்பின் கண்காணிப்பு, கடைசியில் தண்டனை. வரிசை இதுதான்.

இங்கே இதைச் செய்யச் சட்டம் இடம்கொடுக்குமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 116-ஆம் விதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வண்டி புகை வரம்பை மீறுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சப்-இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ எழுத்துமூலம் உத்தரவிட்டு, அதைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் 7 நாளுக்குள் சான்று காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் பதிவையே நிறுத்திவைக்கவும் அந்த விதி வழிசெய்கிறது. இதுவரை அந்தக் ‘காரணம்’ என்பது போலீஸ்காரர் கண்ணில் பட்ட கரும்புகை மட்டுமே. கருவியின் அளவை அந்த இடத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். வரம்பு எது என்பதை அறிவிக்க வேண்டியிருக்கும். இரண்டு தனித்தனி அளவுகள் மோசமாக இருந்தால்தான் நோட்டீஸ் என்று நிபந்தனை வைக்க வேண்டியிருக்கும். புதுச் சட்டத்துக்காகக் காத்திருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் செய்தே ஆக வேண்டும். நோட்டீஸ் வாங்கிய வண்டியைப் பழைய புகைப் பரிசோதனை மையத்துக்கே திருப்பி அனுப்பினால் எல்லாம் வீண். நைட்ரஜன் ஆக்சைடுக்காகப் பிடிபட்டவரை, நைட்ரஜன் ஆக்சைடையே பார்க்காத மையம் தேற்றி அனுப்பிவிடும். எடுத்தவுடன் ஊர் முழுக்க வேண்டாம். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று உருளைச் சோதனை மையம் இரண்டு இருந்தாலே முதல் ஆண்டுக்குப் போதும். அளவீட்டு முறையை வகுக்க வெளியூர் தேட வேண்டாம், ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். வண்டிகள் ஒற்றை வரிசையில் போக வேண்டும், எஞ்சினுக்குக் கொஞ்சம் லோடு இருக்க வேண்டும், அதாவது லேசான ஏற்றம். அண்ணா சாலை நடுவே வைத்தால் ஒரு பேருந்து, இரண்டு ஆட்டோ, ஐந்து பைக் எல்லாம் சேர்ந்து விடும் புகையில் யாருடையது எது என்று பிரிக்க முடியாது. கத்திப்பாராவிலும் பாடியிலும் மேம்பாலத்துக்கு வளைந்து ஏறும் கிளைச் சாலைகள் இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கின்றன. புறவழிச் சாலையில் வானகரம், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் ஒவ்வொரு தடமும் ஒற்றை வரிசை; நின்று, கிளம்பி, வேகமெடுக்கும் இடம். இரவில் சரக்கு லாரிகள் அதிகம் வரும் நேரத்தில் அங்கே அளந்தால் நகரத்துக்குள் நுழையும் கனரக வண்டிகளின் நிலவரம் தெரிந்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையை மறந்துவிடாதீர்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலையோரத்தில் வீடுகள் இருக்கின்றன, குழந்தைகள் இருக்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. டெல்லிக்கு இல்லாத கடற்காற்று நமக்கு இருப்பதால் நம் புகை கண்ணில் படாமல் கலைந்துபோகிறது, அவ்வளவுதான். அந்த லாரிகளுக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூக்கில் ஏறுவதைக் கடற்காற்று தடுப்பதில்லை.

கருவிக்குக் குறைகளும் உண்டு. மழையில் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் மூடிவைக்க வேண்டியிருக்கும். மேல்நோக்கிய சைலன்ஸர் உள்ள லாரிக்குக் கருவியை உயர்த்தி வைக்க வேண்டும். கூட்டமாகப் பாயும் இருசக்கர வாகனங்களைத் தனித்தனியே அளப்பது சிரமம். நுண்துகளை அளப்பதில் வாயுக்கள் அளவுக்குத் துல்லியம் இல்லை. அது காட்டுவது ஒரு கணத்தின் அளவு. கியர் மாற்றும் நொடியில் நல்ல வண்டியும் கொஞ்சம் கக்கும். அதனால்தான் கருவியின் எண்ணை வைத்து நேரடியாக இ-சலான் அனுப்ப வேண்டவே வேண்டாம் என்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுபவருக்கு அது எத்தனை நாள் வருமானம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தை அபராதமாக வாங்கிவிட்டால் நாசில் மாற்ற அவர் கையில் காசு இருக்காது, வண்டி அதே புகையோடு ஓடும். நோட்டீஸ் கொடுங்கள், அவகாசம் கொடுங்கள், சொந்த வண்டி ஒன்றை ஓட்டிப் பிழைப்பவருக்கு கேட் கன்வர்ட்டருக்கோ இஜிஆர் வால்வுக்கோ மானியம் கொடுங்கள். பசுமை வரி என்று வாங்குகிறீர்களே, அதை இதைவிடப் பொருத்தமாக எங்கே செலவழிக்க முடியும்?

தண்டனை கடுமையாக இருக்க வேண்டிய இடமும் இருக்கிறது. எமுலேட்டர் பெட்டியை விற்பவர்கள், டிபிஎஃப் நீக்கித் தருகிறோம் என்று வெளிப்படையாக விளம்பரம் செய்பவர்கள், நூறு வண்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் அதைச் செய்யச் சொல்லும் முதலாளிகள். ஒரே நிறுவனத்தின் பத்து லாரிகள் அடுத்தடுத்து நைட்ரஜன் ஆக்சைடில் மாட்டினால் அது டிரைவர் குற்றம் இல்லை என்று கருவியே சொல்லிவிடும்.

முதல் நோட்டீஸ்கள் அரசு வண்டிகளுக்குப் போகட்டும் என்பது என் வேண்டுகோள். அரசுப் பேருந்து, மாநகராட்சிக் குப்பை லாரி, குடிநீர் லாரி, காவல்துறை வண்டி எல்லாம் அந்தக் கருவி முன்னால் முதலில் ஓடட்டும். எத்தனை தேறின, எத்தனை தேறவில்லை, தேறாதவற்றைச் சரிசெய்ய என்ன செலவானது என்று வெளியிடுங்கள். பிறகு ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பேசினால் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

அளவுகளைப் பூட்டி வைக்காதீர்கள். வண்டி எண்ணும் உரிமையாளர் பெயரும் ரகசியமாக இருக்கட்டும். எந்த நிறுவனத்தின் எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த எரிபொருள், சராசரியாக எவ்வளவு விடுகிறது என்பதை மாதாமாதம் பொதுவில் வையுங்கள். மூன்று ஆண்டில் கேட் கன்வர்ட்டர் ஓய்ந்துபோகும் மாடல் எது என்று தெரிந்தால் வாங்குபவர் யோசித்து வாங்குவார். தயாரித்தவரிடம் வாரன்டி கேட்க உங்களுக்கும் ஆதாரம் இருக்கும். எங்களைப்போன்ற பட்டறைக்காரர்களுக்கும் எந்த வண்டியில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை முதல் சித்திரை வரை, பாடி மேம்பாலக் கிளைச் சாலை ஒன்றில் ஒரு வேனும் இரண்டு கருவியும் வைத்து, யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாமல் வெறுமனே அளந்து பாருங்கள். இஜிஆர் அடைத்த வண்டி, வடிகட்டி எடுத்த வண்டி, எல்லாம் சரியாக உள்ள வண்டி என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அவற்றை அடையாளம் காட்டவும், திறந்து காட்டவும், சரிசெய்தபின் மறுபடி கருவி முன் ஓட்டிக் காட்டவும் நான் கூலி வாங்காமல் வந்து நிற்கிறேன். என்னோடு வர இந்தப் பகுதியில் இன்னும் சில மெக்கானிக்குகள் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாடியிலிருந்து ஒரு டீசல் மெக்கானிக்